ஊர் ஒன்று, எழுத்து மூன்று!

தீவகத்தின் தலைவாயிலாக விளங்கும் ஊர் ஒன்று. அதனை ஊர்காவற்றுறை என்று எழுதுவார் ஒரு சாரார். ஊர்காவற்துறை என்று எழுதுவார் மற்றொரு சாரார். ஊர்காவல்துறை என்று எழுதுவார் வேறொரு சாரார். பெயர்ப்பலகையில் ஒரு விதம், பத்திரிகையில் ஒரு விதம், காணி உறுதியில் ஒரு விதம் என்று ஓர் ஊரின் பெயர் மூன்று கோலம் கொண்டு நிற்கின்றது. போர்த்துக்கேயச் சொல் ஒன்றிலிருந்து வந்த ‘கயிற்ஸ்’ என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் அன்பர்களோ, அதனை எப்போதும் ஒரே விதமாகவே எழுதுகின்றனர். அந்நியன் தந்த பெயருக்குக் கிட்டிய ஒழுங்கு, எம் அன்னை மொழிப் பெயருக்குக் கிட்டவில்லை!

இலக்கணம் என்ன சொல்கின்றது? காவல் என்னும் சொல்லின் ஈற்று லகரம், துறை என்பதன் தகரத்தோடு புணருங்கால் இரண்டும் றகரமாகத் திரியும். அந்த விதிவழி நின்றால் ஊர்காவற்றுறை என்பதே வரும். பொருள் விளங்கப் பிரித்து எழுதுவோம் என்பார் ஊர்காவல்துறை என்று எழுதலாம். அதுவும் ஒரு நெறியே. ஆயின் தமிழகத்தில் காவல்துறை என்றால் பொலிஸ் திணைக்களம். அங்குள்ள வாசகர் எமது துறைமுகத்தை ஒரு பொலிஸ் நிலையம் என்று எண்ணினால் அவரை நாம் நோவதற்கில்லை. லகரத்தை மட்டும் திரித்துத் தகரத்தை அப்படியே விட்டுவிடும் ஊர்காவற்துறையோ எந்த நெறியிலும் சேராதது. எனினும் அதுவே பல இடங்களில் வழங்குகின்றது!

‘எழுத்து எப்படியிருந்தால் என்ன, ஊர் எதுவென்று எல்லோருக்கும் தெரியுந்தானே?’ என்று கேட்பார் உளர். ஊரில் இருப்பவருக்குத் தெரியும். தொரொன்ரோவிலே பிறந்து, பேரனாரின் காணியைத் தேடி வரும் பிள்ளைக்குத் தெரியுமா? எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் கணினிக்குத் தெரியுமா? அதற்கு மூன்று எழுத்தும் மூன்று ஊர்கள். எழுத்து ஒழுங்கு பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. அது இன்று காணி உள்ளவனின் காரியம். ஆதலின் தீவக மக்கள் அனைவரின் காரியம்.

சட்டம் தந்ததும் தராததும்

இந்நாட்டில் தமிழுக்கு நேர்ந்த கதை யாவரும் அறிந்ததே. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1958 ஆம் ஆண்டில் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதன் ஒழுங்குவிதிகள் வருவதற்கு 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்று கூறியது. 1988 ஆம் ஆண்டின் 16 ஆம் திருத்தம், வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழி என்பதை உறுதி செய்தது. சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்படல் வேண்டும் என்றும் விதித்தது.

ஏட்டளவில் இது பெரும் பேறு. ஆனால் பாராளுமன்றம் ஆக்கும் சட்டங்களின் கடைசி வாசகத்தைப் படித்துப் பாருங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே முரண்பாடு தோன்றுமிடத்துச் சிங்கள உரையே மேலோங்கும் என்று அங்கே எழுதப்பட்டிருக்கும். எவ்வுரை மேலோங்கும் என்பதைச் சட்டம் ஆக்கும் வேளையில் பாராளுமன்றமே தீர்மானிக்கலாம் என்று அரசியலமைப்பு விட்டுவைத்திருக்கின்றது. தீர்மானமோ எப்போதும் ஒரே பக்கம் சாய்கின்றது. கனடாவில் ஆங்கில உரையும் பிரெஞ்சு உரையும் சம வலுவுடையவை என்று 1982 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் விதித்துள்ளது. அத்தகைய சமத்துவம் இந்நாட்டிலும் வேண்டும் என்று கேட்பது எமது கடமை. அதனைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஆனால் அவ்வாறு கேட்கும் வாயை அடைப்பதற்கு எதிர்த்தரப்பார் எதனைக் காட்டுவர்? ‘உங்கள் தமிழ் உரையை உங்களவரே மூன்று விதமாக எழுதுகின்றீர்களே, எதனை நாம் வலுவுள்ளதென்று கொள்வது?’ என்று கேட்பர். பேருந்து ஒன்றில் கர்ப்பிணித் தாய்மாருக்கென்று ஒதுக்கிய ஆசனத்தின் மேல், தகரம் இருக்க வேண்டிய இடத்தில் நகரம் அமர்ந்து, தாய்மாரை நாய்மார் ஆக்கிய படத்தை நாடே பார்த்தது. அது தமிழறியாத ஒருவரின் பிழை என்று நாம் சினந்தோம், சினந்தது நியாயமே. தமிழறிந்த சட்டத்தரணியும், நொத்தாரிசும், வைத்தியரும், அலுவலரும் எழுதும் தமிழ் எவ்வாறு இருக்கின்றது என்பதையும் அதே கண்ணாற் பார்ப்பதே முறை.

உறுதியில் உறையும் ஆபத்து

காணி விற்பனையோ நன்கொடையோ நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு, எழுத்தில் அமைந்தாலன்றிச் செல்லாது என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம். ஆகவே எமது நாட்டிற் காணி என்பது மண்ணால் மட்டும் ஆனதன்று, சொல்லாலும் ஆனது. சொல் தவறினால் மண் கைமாறும்.

தேசவழமையை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டளவிலே தொகுக்கப்பட்டு, 1806 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் வலுவூட்டப்பட்ட சட்டம் அது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூன்று சொற்களும் அதன் தூண்கள். முதுசம் என்றால் ஒரு வழி. தேடியதேட்டம் என்றால் வேறு வழி. தேடியதேட்டத்தில், வாழ்க்கைத்துணை இறந்தால் மற்றவருக்குப் பாதி உண்டு. இத்துணை வேறுபாடு உள்ள இடத்தில் ஒருவர் ‘எனது சொத்து’ என்று மொட்டையாக எழுதி வைத்தால், நாற்பது ஆண்டின் பின் விதவை ஒருத்தி தனது பாதியை நிலைநாட்ட நீதிமன்றின் படியேற வேண்டி வரும்.

பரப்பளவை நோக்குங்கள். பத்துப் பேர்ச் கொண்டது ஒரு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். பழைய உறுதிகளிலோ இலாச்சம் என்றும் குழி என்றும் வரும். அந்த இலாச்சமும் வரகுக் கணக்கு, நெற்கணக்கு என்று இரண்டு. இரண்டும் ஓரளவின அல்ல. இக்கால நில அளவைப் படத்திலோ அளவு ஹெக்டேயரில் இருக்கும். எந்தக் கணக்கு என்று சொல்லாது ‘ஐந்து இலாச்சம்’ என்று மட்டும் பெயர்த்தெழுதப்பட்ட ஓர் உறுதியில், வேலிச் சண்டைக்கான விதை அப்பொழுதே ஊன்றப்பட்டுவிடுகின்றது. நெடுந்தீவிலே பவளக்கல் அடுக்கிய வேலிகள் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. கல்வேலி நிற்கின்றது, உறுதியில் எழுதிய எல்லையோ வழுக்குகின்றது.

ஆட்பெயரின் நிலை இன்னும் மோசம். கந்தையா பிறப்புப் பத்திரத்தில் கந்தயா. அடையாள அட்டையில் கந்தைய்யா. வேலுப்பிள்ளை உறுதியில் வேலுபிள்ளை. மூவரும் ஒருவரே, இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிப்பதற்காகத் தோட்டத்து வேலையை விட்டு, படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பேருந்தேறி யாழ்ப்பாணம் வரும் கமக்காரர் எத்தனை பேர்! ஓர் ஐகாரத்தை, ஓர் ஒற்றெழுத்தைச் சரிவர எழுதாமைக்காக ஏழை கொடுக்கும் வரி இது. இந்த வரியை எந்தப் பாராளுமன்றமும் விதிக்கவில்லை, நாமே விதித்தோம்.

போர்க்காலத்தில், 1990 ஆம் ஆண்டு தொடக்கம், தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வளவுகள் பற்றை மூடின. உறுதிகள் சில எரிந்தன. சில கரையான் தின்றன. சில கடல் கடந்தன. திரும்பி வந்தவர்க்கு எஞ்சியது, பதிவகத்தில் உள்ள எழுத்து ஒன்றே. 2025 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தலை எவர் மறப்பர்? வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை கோராவிடில் அது அரச காணியாகக் கொள்ளப்படும் என்று அது அச்சுறுத்தியது. மக்களின் எதிர்ப்பும் உயர் நீதிமன்றின் இடைக்கால உத்தரவும் அதனைத் தடுத்தன, அரசாங்கமும் பின்வாங்கியது. நன்று. ஆயினும் அத்தகைய அறிவித்தல் இன்னொரு முறை வராதென்று எவர் உறுதி கூறுவார்? வரும் நாளில், மூன்று மாதத்துள் எடுத்து நீட்டத்தக்க, ஐயம் அற்ற எழுத்து எம் கையில் உண்டா என்பதே கேள்வி.

முன்னோர் காட்டிய வழி

எழுத்துநடைக் கையேடு என்பது யாது? ஒரு தொழிலார் அல்லது ஒரு நிறுவனத்தார், ‘இச்சொல்லை இவ்வாறே எழுதுவோம், இந்த அளவை இம்முறையிலே குறிப்போம், இந்தப் பெயரை இவ்வெழுத்திலே வழங்குவோம்’ என்று தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் சிறு நூல். ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்கும் தொல்லையை அது நீக்கும். பத்துப் பேர் எழுதினும் ஒருவர் எழுதியது போன்ற ஒருமையைத் தரும்.

இது எமக்குப் புதிதன்று. நல்லூர் ஆறுமுக நாவலர் வசன நடைக்குக் குறியீடுகளைப் புகுத்தி, சந்தி பிரித்து, மாணாக்கனும் வாசிக்கத் தக்கவாறு நூல்களைப் பதிப்பித்தார். எழுதும் முறையிலே மனம்போன போக்கை அவர் ஏற்றதில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே தந்தார். கலைச்சொல் வேண்டும்போது முதலில் தமிழிலே தேடு, இல்லையேல் வடமொழியை நாடு, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது என்னும் ஒழுங்கு முறையை வகுத்துக்கொண்டே அவர் தொழிற்பட்டார். பெயர்ப்புக்கு முன்னர் விதி. விதிக்குப் பின்னரே நூல்.

ஈழத்துப் பாடநூல்கள் ஒட்சிசன், ஐதரசன், இலத்திரன் என்று எழுதியதை எண்ணிப் பாருங்கள். அச்சொற்களைச் சுவைப்பார் உளர், நகைப்பார் உளர். ஆனால் வேலணையில் படித்த மாணவனும் மட்டக்களப்பில் படித்த மாணவனும் பரீட்சைத் தாளில் ஒரே சொல்லை எழுதினர். ஒழுங்கின் பயன் அதுவே. தமிழகத்தில் மொழி அறக்கட்டளை முதலிய நிறுவனங்கள் 2001 ஆம் ஆண்டில் ‘தமிழ் நடைக் கையேடு’ என்னும் நூலை வெளியிட்டன. எங்கே சொல் பிரிப்பது, எங்கே ஒற்று மிகுவது, எங்கே குறி இடுவது என்பனவற்றை அது இக்காலத்துக்கு ஏற்ப எடுத்துரைக்கின்றது. 1999 இல் பேராசிரியர் எம். ஏ. நுஃமான் அடிப்படைத் தமிழ் இலக்கணத்தை இற்றைத் தமிழுக்கு எழுதித் தந்தார். கருவிகள் உள்ளன, எடுத்து உழுவார்தாம் வேண்டும்.

பிற நாட்டாரும் இதனைச் சிறு காரியமாகக் கொள்ளவில்லை. பிரித்தானியத் திறைசேரியின் வேண்டுகோட்படி சேர் ஏர்ணஸ்ற் கவர்ஸ் 1948 இல் அரசாங்க உத்தியோகத்தருக்கு எளிய சொற்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். பொதுமக்களுக்கு விளங்காத கடிதத்தை எழுதும் உத்தியோகத்தன் தன் கடமையிற் தவறியவன் என்பதே அதன் சாரம். ஐரோப்பிய ஒன்றியம் தன் 24 மொழிகளுக்கும் எழுத்துநடை வழிகாட்டி வைத்திருக்கின்றது. ஒரு கோடி மக்களுக்குக் குறைந்த மொழிகளும் அங்கே தம் ஒழுங்கைத் தாமே பேணுகின்றன.

கையேட்டில் யாது இருத்தல் வேண்டும்?

தீவகத்துக்கென ஒரு கையேடு அமைப்பின் அதற்கு நூறு பக்கம் வேண்டியதில்லை. இருபது பக்கம் போதும்.

முதலாவது, ஊர்ப்பெயர்ப் பட்டியல். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, அனலைதீவு, எழுவைதீவு, வேலணை, மண்டைதீவு முதலாகக் குறிச்சிகள் ஈறாக, ஒவ்வொன்றுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஒவ்வோர் எழுத்து. சிங்களத்தில் நாகதீப என வழங்கும் நயினாதீவு, தமிழ் ஆவணத்தில் நயினாதீவாகவே நிற்றல் வேண்டும். ஒல்லாந்தர் வேலணைக்கு லைடன் என்றும் புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும் நயினாதீவுக்கு ஹார்லம் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயரை இட்டனர். நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் ஒன்றே ஆங்கிலத்தில் தங்கியது. ஏனையவற்றை எம் மக்களின் நா ஏற்கவில்லை. நாவினாற் காத்த பெயரைப் பேனாவினாற் சிதைக்கலாமா?

இரண்டாவது, ஆட்பெயர். பிறப்புப் பதிவில் உள்ள எழுத்தே எல்லா ஆவணத்திலும் தொடர்தல் வேண்டும். வேறு எழுத்து முன்னரே புகுந்திருப்பின் அதனையும் அடுத்துக் குறித்தல் வேண்டும்.

மூன்றாவது, அளவும் திகதியும். பழைய அளவை எந்தக் கணக்கென்று சொல்லி, அதனோடு பேர்ச்சிலும் ஹெக்டேயரிலும் குறித்தல். இலக்கத்திலும் எழுத்திலும் எழுதுதல். எல்லைகளை எப்போதும் ஒரே திசை வரிசையிற் கூறுதல்.

நான்காவது, சொல். உறுதி, ஒற்றி, முதுசம், தேடியதேட்டம், தோம்பு, நொத்தாரிசு என மக்கள் நாவில் ஊறிய சொற்களை மாற்ற முனைதல் ஆகாது. நொத்தாரிசு தமிழன்று என்பது உண்மையே. ஆனால் கமக்காரருக்கு விளங்கும் பிறமொழிச் சொல், எவருக்கும் விளங்காத புதுத்தமிழ்ச் சொல்லினும் நன்று.

ஐந்தாவது, வசனம். ஒரு வசனத்திற்கு ஒரு செய்தி. ‘மேற்படி காணியின் மேற்படி கிணற்றிலும் மேற்படி வழியிலும் மேற்படியாருக்குள்ள பாத்தியத்தை மேற்படியார் அனுபவிக்கவும்’ என்று எழுதினால், எந்த மேற்படி எந்த மேற்படி? அதனையே, ‘இக்காணியின் உரிமையாளருக்கு வடக்கெல்லைக் காணியிலுள்ள கிணற்றில் அரைப்பங்கு உண்டு. அக்கிணற்றுக்குப் போய்வரவும் நீர் கொண்டுவரவும் ஆறடி அகலமான வழியுரிமை உண்டு’ என்று எழுதினால் விளங்காதார் எவர்? நன்னீர்க் கிணறு பொன்னினும் அரிதான தீவகத்தில், ஒரு கிணற்றுப் பங்கு மயங்கினால் ஒரு தோட்டமே காயும்.

மறுப்பார்க்கு மறுமொழி

‘சட்டம் ஆங்கிலத்தில் இருக்கின்றது, மேல்மன்றங்களின் தீர்ப்பும் ஆங்கிலத்தில் வருகின்றது, தமிழைத் திருத்தி என்ன பயன்?’ என்று எம் தொழிலன்பர் சிலர் வினவுவர். கட்சிக்காரர் கையொப்பம் இடுவது எந்த மொழியில்? அவர் வாசித்து விளங்கிக் கையொப்பமிட்டார் என்று நாம் அத்தாட்சி செய்வது எந்த மொழியை? தமிழ் நீதிமன்ற மொழியாக இருக்கும் மாகாணத்தில் தமிழை இரண்டாந்தரமாக எழுதிவிட்டு, கொழும்பு எமது மொழியை இரண்டாந்தரமாக நடத்துகின்றது என்று மேடையேறிக் கூறுவது எங்ஙனம்?

‘விதி வைத்தால் நடை செத்துவிடும்’ என்பார் வேறு சிலர். கவிஞருக்கும் கதாசிரியருக்கும் எவரும் விதி வைக்கவில்லை. மருந்துச் சீட்டிலும் காணி உறுதியிலும் கற்பனைக்கு இடமில்லை. நாளொன்றுக்கு எத்தனை முறை, எத்தனை குளிசை என்பதை நோயாளி ஒரே பார்வையில் அறிதல் வேண்டும். நொத்தாரிசுக் கட்டளைச்சட்டம் 1907 ஆம் ஆண்டிலேயே, வெட்டலும் திருத்தலும் அத்தாட்சியிற் குறிக்கப்படல் வேண்டும் என்று விதித்தது. அதற்காக எந்த நொத்தாரிசும் தம் நடை செத்துவிட்டதென்று புலம்பியதாக நாம் அறியோம்.

‘இது அரசாங்கத்தின் வேலை’ என்பார் மூன்றாம் சாரார். ஆம், அரசாங்கத்தின் வேலையே. 1991 ஆம் ஆண்டின் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணைக்குழுவும் இருக்கின்றது. அதனிடம் முறையிடுவோம். ஆனால் 1961 ஆம் ஆண்டிலே சத்தியாக்கிரகிகள் தமக்கென அஞ்சல் சேவை ஒன்றை நடத்திக் காட்டியதை மறந்தோமா? அரசின் கை நீளும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கும் வழக்கம் தமிழ் அரசியலில் அன்று இருந்ததில்லை.

ஒன்றைத் தெளிவாகக் கூறிவைப்போம். கையேடு உரிமையைப் பெற்றுத் தராது. சிங்கள உரையே மேலோங்கும் என்னும் வாசகத்தை எந்த இலக்கண நூலும் அழிக்காது. அது அரசியலாற் செய்யவேண்டிய காரியம். ஆனால் பெற்ற உரிமையைப் பயன்படுத்தத் தெரியாதார் பெறாத உரிமையைக் கேட்குங்கால் அவர் குரலில் வலு இராது.

ஆகவே வேண்டுவது இது. தீவகத்திலே தொழில் புரியும் சட்டத்தரணிகள், நொத்தாரிசுகள், நில அளவையாளர்கள், வைத்தியர்கள், ஆசிரியர்கள், கிராம அலுவலர்கள் ஒன்றுகூடுதல் வேண்டும். கமக்காரர் அமைப்புகளிலிருந்தும் கடற்றொழிலாளர் சங்கங்களிலிருந்தும் சிலர் உடனிருத்தல் வேண்டும். வரையப்படும் ஒவ்வொரு விதியையும் அவர்கள் உரத்து வாசிக்கக் கேட்டு, அவர்களுக்கு விளங்காததை அவ்விடத்திலேயே நீக்குதல் வேண்டும். மூன்று பிரதேச செயலகங்களும் அப்பட்டியலை ஏற்குமாறு கேட்டல் வேண்டும். ஏற்கும்வரை நாம் எழுதுவதையேனும் நாம் ஒழுங்காக எழுதுவோம். அதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை.

உலகத் தமிழாராய்ச்சிக்கு 1964 இல் ஒரு மன்றம் கண்ட தனிநாயகம் அடிகள் பிறந்த மண் ஊர்காவற்றுறைக் கரம்பொன். தமிழை உலக அரங்கில் ஏற்றியவரின் ஊர்ப்பெயரை மூன்று விதமாக எழுதிக்கொண்டு, அவருக்கு விழா எடுப்பதால் ஆவது யாது? முதலில் பெயரை ஒரு விதமாக எழுதுவோம். எழுத்து நிலைத்தால் உறுதி நிலைக்கும். உறுதி நிலைத்தால் காணி நிலைக்கும். காணி நிலைத்தாலன்றித் தீவகத்தில் தமிழன் நிலைப்பதில்லை.